மாதம் 4,000 ரூபாவுக்கு மேல் வாங்காத சீனி வருத்தக் காப்புறுதி: பாவித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். வீட்டில் இன்சுலின் போடுகிற ஆள் இருந்து, உங்கள் அலுவலகத்தின் குழுக் காப்புறுதியில் இந்த மேலதிக வசதி (நீரிழிவு மருந்துக்கு நோயாளி மாதம் 4,000 ரூபாவுக்கு மேல் கட்டத் தேவையில்லை என்பது) கிடைத்தால், எடுங்கள். வெறும் மெட்போர்மின், கிளிக்லசைட் என்கிற சீனிக் குளிசைகள் போடுகிறவர் என்றால் தேவையே இல்லை, காசு வீண். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள். நல்ல திட்டம்தான், ஆனால் பெரிய ஓட்டைகள் சில இருக்கின்றன, அவற்றை விற்க வருகிறவர் சொல்ல மாட்டார்.

கம்பனியின் பெயரை நான் போடவில்லை. குழுக் காப்புறுதியின் நிபந்தனைகளை ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாகப் பேசித்தான் முடிக்கிறது, அதனால் பெயரை வைத்து உங்களுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பழைய திட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை விளங்கும். ஆஸ்பத்திரியில் தங்கினால் ஒரு தொகை, வெளிநோயாளர் செலவுக்கு ஒரு தொகை. எங்களுடையதில் வெளிநோயாளர் பக்கம் முழுக் குடும்பத்துக்கும் வருடத்துக்கு 40,000 ரூபா. டொக்டரைச் சனல் பண்ணுகிற (தனியாரில் காசு கட்டிப் பார்க்கிற) காசு, பிளட் டெஸ்ட், பிள்ளைகளின் காய்ச்சல் இருமல், எல்லாம் அதற்குள்தான். என் கணவரின் மருந்துக்கு மட்டும் மாதம் 17,000, 18,000 என்று வரும். ஜனவரியில் தொடங்குகிற திட்டம் சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னமே கையை விரித்துவிடும். மிச்ச மாதமெல்லாம் சம்பளத்திலிருந்துதான். அந்த 40,000ஐ எடுப்பதற்குக்கூட முதலில் கைக்காசைக் கட்டி மருந்தை வாங்கி, பில்லையும் டொக்டரின் மருந்துத் துண்டையும் படமெடுத்து அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, நடுவில் “துண்டு மூன்று மாதத்துக்கு மேல் பழையது, ஏற்க முடியாது” என்று ஒரு மெசேஜ் வந்தால் திரும்பவும் டொக்டரைச் சனல் பண்ண வேண்டும். மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, திகதிக்காக மட்டும் டொக்டருக்கு ஒரு காசு, ஆஸ்பத்திரிக்கு ஒரு காசு.

அந்தத் திட்டத்தில் எல்லை போட்டிருந்தது காப்புறுதிக் கம்பனியின் பக்கத்துக்கு. அவர்கள் 40,000க்கு மேல் ஒரு சதமும் கட்ட மாட்டார்கள், அதற்கு மேல் விலை எவ்வளவு ஏறினாலும் எங்கள் தலையில். புதியதில் எல்லை நோயாளியின் பக்கத்துக்கு. பட்டியலில் உள்ள நீரிழிவு மருந்துகளுக்கு ஒரு ஆள் ஒரு மாதத்தில் 4,000 ரூபாவுக்கு மேல் கட்டத் தேவையில்லை, மிச்சம் அவர்களுடையது. இதுதான் முழு வித்தியாசமும். வேறு எந்த விளம்பரத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உச்சம் அவர்கள் கட்டுவதற்கா, நாங்கள் கட்டுவதற்கா?

பாமசியில் நடப்பது இப்படி. காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம் அவர்களின் பட்டியலில் இருக்கிற ஒரு பாமசிக்குப் போகிறேன். கவுண்டரில் நிற்கிற தம்பி காட் இலக்கத்தை அடிக்கிறான், என் போனுக்கு ஆறு இலக்கம் வருகிறது. “அன்ரி, நம்பர் வந்திட்டுதா?” என்று கேட்கிறான், சொல்கிறேன். பில் இரண்டு வரியில் முடிகிறது: காப்புறுதி 13,940, நோயாளி 4,000. அவ்வளவுதான். இன்சுலின் பேனாக்களை ஐஸ் பொதியோடு சின்னப் பையில் போட்டுத் தருகிறான். பில்லைப் படமெடுக்கத் தேவையில்லை, படிவம் இல்லை, காத்திருப்பு இல்லை. 18,000ஐ முன்கூட்டிக் கட்டத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாதக் கடைசியில் மருந்து முடிகிற வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பின்னர் திருப்பித் தருகிறோம் என்கிற காப்புறுதி, கையில் காசு இருக்கிறவருக்கு மட்டும்தான் காப்புறுதி. சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கும்போது மனிதர் என்ன செய்வார்? ஊசியின் அளவைக் குறைப்பார். இரண்டு நேரக் குளிசையை ஒரு நேரமாக்குவார். எங்கள் மாடிக் குடியிருப்பிலேயே ஒரு ஐயா இன்சுலினை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார், காலில் புண் வந்து பழுத்த பிறகுதான் பிள்ளைகளுக்கே தெரிந்தது. ஊரெல்லாம் இருக்கிற வருத்தம் இது. 2018, 2019 இல் நாடு முழுவதும் மாதிரி எடுத்துச் செய்த ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு என்று வந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

இனி ஓட்டைகள். மிகப் பெரியதிலிருந்து தொடங்குகிறேன்.

பேனாக் கணக்கு. என் கணவர் இரவில் 30 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறார். ஒரு பேனாவில் 3 மில்லிலீற்றர், அதாவது 300 யூனிட். 30 நாளுக்கு 900 யூனிட், ஆகவே மூன்று பேனா. காப்புறுதியின் கணினி இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது, நாலாவது பேனாவை அடித்தால் சிவப்பில் காட்டுகிறது. ஆனால் இன்சுலின் பேனா பாவிக்கிற எவருக்கும் தெரியும், ஒவ்வொரு முறையும் புது ஊசியைப் பூட்டி இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி, நுனியில் துளி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் குத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் இருந்து அளவு குறைந்து போகலாம். அப்போது நாளைக்குச் செலவாவது 32 யூனிட். ஒரு பேனா ஒன்பது நாள் தாண்டும், பத்தாவது நாளுக்கு முழு அளவு வராது. மூன்று பேனா 28 நாளுக்குத்தான். மாதக் கடைசி இரண்டு நாளுக்கு ஒரு பேனாவை முழு விலைக்கு வெளியில் வாங்க வேண்டும், அதுவும் அந்த 4,000 உச்சத்துக்குள் வராது. கோல் சென்டருக்குச் சொன்னேன், “சிஸ்டம் அப்படித்தான் மிஸ்” என்றார்கள். பாமசித் தம்பிதான் வழி சொன்னான்: துண்டில் வெறும் “30 யூனிட்” என்று எழுதாமல், சோதனைத் துளியையும் சேர்த்து மாதத்துக்கு நாலு பேனா என்று டொக்டரைக் கொண்டே எண்ணிக்கையை எழுதுவித்துக்கொண்டு வரச் சொன்னான். டொக்டரும் ஒரு சொல் பேசாமல் எழுதித் தந்தார். அடுத்த மாதம் போனது. பேனா பாவிக்கிற எல்லாரும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பேனாவில் பூட்டுகிற ஊசிமுனையும் வீட்டில் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப்பும். இரண்டும் “மருந்து” இல்லையாம், அதனால் பட்டியலில் இல்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஊசிமுனை இல்லாமல் பேனாவை என்ன செய்வது? சீனி எவ்வளவு என்று பார்க்காமல் இன்சுலினின் அளவை எப்படி ஏற்றுவது, இறக்குவது? ஸ்ட்ரிப் ஒரு டப்பாவின் விலையைப் பார்த்தே பலர் வீட்டில் சீனி பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் இரவு சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினால் அந்த பில்லை இதே காப்புறுதிதான் கட்டுகிறது. ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்திருந்தால் அவர்களுக்கே மிச்சம்.

மூன்றாவது, கொலஸ்ட்ரோல், பிரஷர் குளிசைகள் உச்சத்துக்கு வெளியே. காகிதத்தில் பார்த்தால் நியாயம்போல இருக்கும், அது வேறு வருத்தம் என்று. ஆனால் சீனி வருத்தக்காரருக்கு அட்டோவஸ்டட்டினும் லொசார்ட்டனும் எழுதாத டொக்டர் கொழும்பில் யார்? இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள், சீனி வருத்தம் கடைசியில் அடிப்பதும் அந்த இரண்டையும்தான். நல்லவேளை, இவை மலிவு. ஆகவே இதை இரண்டாம்பட்சமாகத்தான் பார்க்கிறேன்.

பட்டியலைப் பற்றி ஒரு சொல். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின், சிற்றாகிளிப்டின் என்கிற சீனிக் குளிசைகள் மூன்றும் இருக்கின்றன, அது பெரிய நிம்மதி. ஆனால் வாரம் ஒருதடவை போடுகிற புது ஊசிகள் இல்லை. குறிப்பிட்ட பிராண்ட்தான் வேண்டும் என்றால் விலை வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும், அந்த வித்தியாசம் உச்சத்தில் சேராது. எங்கள் டொக்டர் பொதுப் பெயரில்தான் எழுதுகிறார், எங்களுக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் டொக்டர் பிராண்ட் பெயரில் எழுதுகிறவர் என்றால் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

பாமசிப் பட்டியல் சின்னது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இருப்பவர்களுக்குச் சரி, கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் தங்கைக்கு நடக்கிற தூரத்தில் ஒன்றும் இல்லை. ராஜ்ய ஒசுசல எங்கள் பட்டியலில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் கடை அது. 1971 இல் அந்தக் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது பேராசிரியர் சேனக பிபிலே தலைமையில் செய்ததே, மருந்தைப் பிராண்ட் பெயரில் இல்லாமல் பொதுப் பெயரில், மொத்தமாக, குறைந்த விலைக்கு நாட்டுக்கு எடுப்பதுதான். லிப்டன் சுற்றுவட்டத்து ஒசுசலவில் என் மாமனார் இன்றைக்கும் பேப்பர் துண்டோடு போய் நிற்கிறார். காப்புறுதிக் கம்பனி புத்திசாலித்தனமாக யோசித்தால் அங்கே வாங்க வைப்பதுதான் அவர்களுக்கும் இலாபம்.

மொழி. பொலிசி முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தருகிறார்கள், அதில் மேலே நான் சொன்ன விலக்குகள் ஒன்றும் இல்லை. போனில் தமிழுக்கு ஒரு இலக்கம் இருக்கிறது, மாலை ஐந்துக்குப் பிறகு எடுக்க ஆள் இல்லை. வேலை முடிந்து வந்து பாமசியில் நிற்கிற நேரமே அதுதானே. ஆறு இலக்கம் வராமல் போய், வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, ஒரு அம்மா சிங்களத்திலும் இல்லாமல் ஆங்கிலத்திலும் இல்லாமல் தவித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கவுண்டர்த் தம்பிதான் போனை வாங்கிப் பேசிக் கொடுத்தான். அவன் வேலை அது இல்லை.

சரி, இப்படி ஒரு உச்சம் எங்கிருந்து வந்த யோசனை என்று கேட்டால், அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே இன்சுலின் விலை தாறுமாறாக ஏறி, காப்புறுதி இருந்தும் மாதம் நூற்றுக்கணக்கான டொலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 இல் முதலாவதாகக் கொலராடோ மாநிலம், காப்புறுதி உள்ளவர் இன்சுலினுக்கு மாதம் 100 டொலருக்கு மேல் கட்டத் தேவையில்லை என்று சட்டம் போட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்தன. 2022 இல் மத்திய அரசின் சட்டம், 65 வயதைத் தாண்டியோருக்கான அரச காப்புறுதியான மெடிகேரில் ஒவ்வொரு இன்சுலினுக்கும் மாதம் 35 டொலர்தான் உச்சம் என்றது, 2023 ஜனவரியில் அது தொடங்கியது. அண்ணாவின் மாமியார் அங்கேதான் இருக்கிறார், அந்த மாதத்திலிருந்து மகனிடம் கேட்காமல் தன் காசிலேயே வாங்குகிறார். ஆனால் அங்கேயும் இதே ஓட்டைகள்தான். உச்சம் இன்சுலினுக்கு மட்டும், குளிசைகளுக்கு இல்லை. மெடிகேரில் மருந்துப் பட்டியல் முழுவதுக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,000 டொலர் என்ற உச்சம் 2025 இல்தான் வந்தது. மாநிலச் சட்டங்களோ, பெரிய கம்பனிகள் தங்கள் சொந்தக் காசில் நடத்துகிற திட்டங்களைத் தொட முடியாது. காப்புறுதியே இல்லாதவருக்கு அந்த உச்சத்தால் ஒன்றும் இல்லை. ஆக, உச்சம் என்று சொன்னதும் மகிழாமல் எதற்கு உச்சம், யாருக்கு உச்சம் என்று பார்க்க வேண்டியது அங்கேயும் இருக்கிறது.

“இலங்கையில்தான் மருந்துக்கு விலைக் கட்டுப்பாடு இருக்கிறதே, பிறகு என்னத்துக்கு இது?” என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2015 இல் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை வைத்து, 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அதிகபட்ச விலை போட்டார்கள், நீரிழிவு மருந்துகளும் அதில் இருந்தன. நல்ல வேலை, நிறையப் பேருக்கு உதவியது. ஆனால் அது விலைக்கு உச்சம். ரூபா விழுந்தால் அந்த உச்சமும் ஏறும். 2022 மார்ச்சில் 29 வீதம் ஏற்றினார்கள், ஏப்ரல் கடைசியில் இன்னும் 40 வீதம். இரண்டையும் சேர்த்தால் 100 ரூபா உச்சம் 180ஐத் தாண்டும். 2023 ஜூனில் 16 வீதம் குறைத்தார்கள், பழைய இடத்துக்கு வரவில்லை. அந்த 2022 ஐக் கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களில் இன்சுலினை மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைத்தோம், பாமசி பாமசியாக ஏறி இறங்கினோம். அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால் விலை ஏற்றத்தை யார் தாங்குவது? விலைக் கட்டுப்பாட்டில் நோயாளி. இந்தத் திட்டத்தில், அந்த ஒரு வருட ஒப்பந்தம் முடியும் வரைக்குமாவது, காப்புறுதிக் கம்பனி. அதற்காகத்தான் நான் மேலதிகக் காசு கட்டுகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கை விட்டு இதற்கு வாருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். களுபோவிலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ கிளினிக் கொப்பி வைத்திருப்பவருக்கு மெட்போர்மின், கிளிக்லசைட், மிக்ஸ்டர்ட் இன்சுலின் எல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது. அதைவிடக் குறைந்த உச்சம் உலகத்தில் இல்லை. காலையில் போய் வரிசையில் நிற்க முடிகிறவர்கள், அந்த மருந்திலேயே சீனி கட்டுக்குள் இருப்பவர்கள் அங்கேயே இருங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற பிளட் டெஸ்ட்) 7க்குக் கிட்ட இருந்தால் எதற்கு மாற்ற வேண்டும்? இந்தத் திட்டம் யாருக்கென்றால், அந்த மருந்துகள் போதாமல் போனவர்களுக்கு, அல்லது மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்களுக்கு, அல்லது கிளினிக் நாளில் லீவு கிடைக்காதவர்களுக்கு.

காசுக் கணக்கு: எங்களிடம் மேலதிகத் தவணைப் பணத்தில் பாதியை அலுவலகம் கட்டுகிறது, பாதி என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், மாதம் 1,150. முன்பு 18,000 போன இடத்தில் இப்போது உச்சம் 4,000, வெட்டு 1,150, ஊசிமுனையும் ஸ்ட்ரிப்பும் சேர்த்து மூவாயிரத்துக்கு உள்ளே. பாதிக்கும் குறைவு. மாதம் இரண்டாயிரம் ரூபாவுக்குக் குளிசை வாங்குகிறவர் உச்சத்தைத் தொடவே மாட்டார், அவருக்கு வெட்டு மட்டும்தான் மிச்சம்.

சேருமுன் எச்ஆரிடம் கேளுங்கள்: ஏற்கெனவே வருத்தம் உள்ளவருக்குக் காத்திருப்புக் காலம் உண்டா (எங்களுக்கு மூன்று மாதம்), பெற்றோரைச் சேர்க்கலாமா (எங்களுக்கு முடியாது, அம்மாவுக்காகச் சேர நினைத்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்), வேலையை விட்டால் அல்லது ஓய்வுபெற்றால் என்ன ஆகும். கடைசிக் கேள்விதான் எனக்கு இரவில் தூக்கத்தைக் கெடுப்பது. சீனி வருத்தம் 60 வயதில் ஓய்வுபெறாது, ஆனால் குழுக் காப்புறுதி அன்றோடு முடிகிறது. தனிப்பட்ட பொலிசிக்கு மாறும்போது இந்த உச்சத்தையும் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். “பரிசீலிக்கிறோம்” என்று பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். டிசம்பரில் புதுப்பிக்க முதல், அலுவலகத்தில் சீனி வருத்தம் உள்ள குடும்பங்கள் எல்லாம் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம்: ஊசிமுனையும் மாதத்துக்கு ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் உச்சத்துக்குள் வர வேண்டும், பேனாக் கணக்கில் சோதனைத் துளியைச் சேர்க்க வேண்டும், ஒசுசலவைப் பட்டியலில் போட வேண்டும், தமிழ்ச் சுருக்கத்தில் விலக்குகளை எழுத வேண்டும். வேறு அலுவலகங்களில் இதே மாதிரித் திட்டம் இருப்பவர்கள் உங்கள் நிபந்தனைகளைக் கீழே போடுங்கள், ஒப்பிட்டுப் பேச எங்களுக்கு உதவும். பதில் வந்ததும் இதிலேயே சேர்த்துவிடுகிறேன்.